ஒடிசியை மூடிவைத்த பக்கம்

கல்லூரி நாளில் ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியைப் படித்து மயங்கியதாகவும், இருபது ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோது பன்னிரண்டு பணிப்பெண்களைத் தூக்கிலிடும் இடத்தைத் தாண்ட முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மற்ற வாசகர்கள் நாயகன் ஒடிசியஸின் கிழட்டு நாய் ஆர்கோஸுக்காக அழுததையும் அவன் மனைவி பெனலப்பியின் பொறுமையையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மட்டும் கோபம் வருகிறதே, பழங்காவியம் ஒன்றை இன்றைய மனத்தால் அளப்பது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். பண்டைய கிரேக்கரின் அறம் எது என்று தெரிந்துகொள்வதற்காக நீங்கள் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கோபம் கவிதையிலிருந்து எனக்கு வந்ததா, அல்லது நான் கொண்டுபோய்க் கவிதையில் வைத்ததா என்பதுதான் உங்கள் கவலை. நல்ல கவலை அது. எனக்கும் அது இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நான் 27 ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவன். முதுகலை வகுப்பில் பெரும்பாலான ஆண்டுகள் ஒடிசி மொழிபெயர்ப்பு ஒன்றைப் பாடமாக நடத்தினேன். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் கிரேக்கம் படிக்கத் தொடங்கினேன். இன்றும் அகராதியைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது முப்பது அடிகள் என்று மெதுவாகத்தான் போகிறேன். தொல்லியலோ பண்டைய வரலாறோ என் துறை இல்லை. ஆகவே சொற்களைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். அந்தக் காலத்துச் சமூகம் பற்றிச் சொல்வதைக் கவிதை காட்டுகிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 22ஆம் பகுதி. பெனலப்பியை மணக்க வந்து வீட்டில் தங்கிக்கொண்டு சொத்தைத் தின்று தீர்த்தவர்கள் எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள். இருபது ஆண்டுகள் கழித்து வீடு திரும்பி அவர்களைக் கொன்ற ஒடிசியஸ், முதிய செவிலி யூரிக்ளியாவிடம் கேட்கிறான்: வீட்டில் எந்தப் பெண்கள் எனக்கு அவமரியாதை செய்தார்கள்? ஐம்பது பணிப்பெண்களில் பன்னிரண்டு பேர் நாணமற்ற வழியில் போனார்கள் என்கிறாள் அவள். அந்தப் பன்னிரண்டு பேரையும் அழைத்துவந்து, தங்களுடன் படுத்தவர்களின் பிணங்களை அவர்கள் கையாலேயே தூக்க வைக்கிறார்கள். மேசைகளையும் நாற்காலிகளையும் தண்ணீரும் கடற்பஞ்சும் கொண்டு கழுவ வைக்கிறார்கள். பிறகு முற்றத்தில் வட்டக் கட்டடத்துக்கும் வேலிக்கும் இடையில், தப்பிக்க வழியில்லாத மூலையில் நிறுத்துகிறார்கள். வாளால் வெட்டச் சொன்னது தகப்பன். தூய சாவு இவர்களுக்குக் கூடாது என்று முடிவுசெய்து, கப்பல் கயிற்றைத் தூணில் கட்டித் தூக்கிலிட்டது மகன் டெலிமாக்கஸ். கூடு திரும்பும் நீளச்சிறகுப் பூங்குருவிகளோ புறாக்களோ புதருக்குள் வைத்த வலையில் சிக்குவதுபோல் அவர்கள் தலைகள் வரிசையாக நின்றன என்கிறது கவிதை. கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, நெடுநேரம் இல்லை.

இந்த உவமையில் இருந்துதான் என் பதில் தொடங்குகிறது. வேட்டைக்காரனின் பக்கம் நின்று சொல்லியிருந்தால் வலை, பிடிபட்ட பறவை என்று முடித்திருக்கலாம். இரவு தங்குவதற்காகக் கூட்டுக்குத் திரும்பிய பறவைகள் என்று சொல்கிறது, படுக்கையைத் தேடி வந்தவற்றுக்கு வெறுக்கத்தக்க படுக்கை கிடைத்தது என்றும் சொல்கிறது. கூடவே, அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று சொல்ல ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறது: ஒய்க்டிஸ்டா. இரக்கம் என்ற வேரிலிருந்து வந்த சொல், அதிலும் உச்ச நிலை. மிக மிக இரங்கத்தக்க வகையில் என்று பொருள். இதே வேர், இதே உச்ச நிலை, 12ஆம் பகுதியிலும் வருகிறது. ஸ்கில்லா என்ற, ஆறு தலைகள் கொண்ட பூதம் கப்பலிலிருந்து ஆறு தோழர்களைத் தூக்கிச் சென்று, கைநீட்டிக் கதறக் கதறத் தின்றதை ஒடிசியஸ் சொல்லும் இடம் அது. கடலில் நான் பட்ட பாடுகள் எல்லாவற்றிலும் என் கண்கள் கண்ட மிக இரங்கத்தக்க காட்சி அதுதான் என்கிறான். தன் ஆட்கள் ஆறு பேருக்கு அவன் கொடுத்த சொல்லைத்தான், அவன் வீட்டில் தொங்கிய பன்னிரண்டு பெண்களுக்குக் கவிதை கொடுக்கிறது. நீங்கள் அந்தப் பக்கத்தில் நின்றது தற்செயல் இல்லை. அந்தச் சொல் உங்களை நிறுத்தியது. மொழிபெயர்ப்பின் வழியாக வந்தபோதும் நிறுத்தியது.

இதைச் சொல்கிற நான் பல ஆண்டுகள் இதைக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வகுப்பில் அந்தப் பெண்களைத் துரோகிகள் என்றே நடத்திவந்தேன். எனக்கு வந்த குறிப்புகளில் அப்படித்தான் இருந்தது, நானும் மாணவர்களுக்கு அப்படியே எழுதிப்போட்டேன். ஒரு நாள் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “சார், அவர்களால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா?” பதில் இல்லாமல் அன்றைய வகுப்பை முடித்தேன். வீட்டுக்குப் போய் 22ஆம் பகுதியை முதலிலிருந்து பார்த்தபோது 37ஆம் அடி கண்ணில் பட்டது. வில்லைக் கையில் எடுத்து, தான் யார் என்று வெளிப்படுத்தியவுடன் ஒடிசியஸ் அந்த ஆண்கள் மேல் சுமத்தும் குற்றங்களில் ஒன்று: என் பணிப்பெண்களோடு பலவந்தமாகப் படுத்தீர்கள். பலவந்தமாக என்ற சொல் அங்கே தெளிவாக இருக்கிறது. 16ஆம் பகுதியிலும் 20ஆம் பகுதியிலும், அந்த ஆண்கள் பணிப்பெண்களை வீடு முழுக்க இழுத்துத் திரிந்ததாக வருகிறது. ஆண்களைக் கொல்லும்போது அது பலவந்தம். நானூறு அடிகள் தாண்டிப் பெண்களைக் கொல்லும்போது அதுவே அவர்கள் குற்றம். இந்த முரணை நாம் இன்று கண்டுபிடித்துக் கவிதைக்குள் திணிக்கவில்லை. அது பனுவலில் எழுத்தாகவே இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. மெலாந்தோ என்ற பணிப்பெண், அந்த ஆண்களில் ஒருவனான யூரிமாக்கஸை விரும்பினாள் என்று 18ஆம் பகுதி சொல்கிறது. பெனலப்பி தன் மகளைப்போல் விளையாட்டுப் பொருள் கொடுத்து வளர்த்தும், அவளுடைய துயரத்தில் பங்குகொள்ளாதவள் மெலாந்தோ. பிச்சைக்கார வேடத்தில் வந்த ஒடிசியஸை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். 20ஆம் பகுதியில் சில பெண்கள் சிரித்துக்கொண்டே இரவில் அந்த ஆண்களிடம் போகிறார்கள். படுத்துக் கிடக்கும் ஒடிசியஸின் நெஞ்சு, குட்டிகளைக் காக்கும் நாயைப்போல் குரைக்கிறது. ஆகவே பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி வதைபட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கவிதை அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. கயிறும் பிரிக்கவில்லை.

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கோபத்தின் ஒரு பகுதி அங்கிருந்தும் வரலாம். டெலிமாக்கஸ் தூக்குக் கயிற்றை எடுக்கும் முன் பேசும் இடத்தில், ராபர்ட் ஃபேகிள்ஸின் 1996ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு அந்தப் பெண்களை வேசிகள் என்ற பொருளில் இரண்டு வசைச்சொற்களால் திட்ட வைக்கிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் வசைச்சொல் எதுவும் இல்லை. ‘என் தலைமேலும் தாயின் தலைமேலும் பழியைக் கொட்டி, அந்த ஆண்களோடு படுத்தவர்கள்’ என்று மட்டுமே இருக்கிறது. ‘அவர்கள்’ என்று சுட்டும் ஒரு சிறு பெண்பாற்சொல், அவ்வளவுதான். 2017இல் வந்த எமிலி வில்சனின் பெயர்ப்பில் வசை இல்லை. வில்சன் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகப் பேசியதால்தான் பல வாசகர்களின் கவனம் இந்தப் பக்கத்துக்குத் திரும்பியது. நீங்கள் கல்லூரியில் படித்ததும் இப்போது படித்ததும் வேறு வேறு பெயர்ப்புகளா என்று பாருங்கள். மாறியது நீங்கள் மட்டும்தானா, உங்கள் கையிலிருந்த புத்தகமும் மாறியதா என்று அப்போது தெரியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவ்வளவு. கவிஞர் அந்தக் கொலையை ஏற்றாரா, கண்டித்தாரா என்று கேட்டால் அது உறுதியில்லாத நிலம். அடிமைகளை விலைக்கு வாங்கும் உலகம் அது. யூரிக்ளியாவையே ஒடிசியஸின் தந்தை லயர்ட்டஸ் இருபது மாடுகள் விலை கொடுத்து வாங்கினான். மனைவியின் கோபத்துக்கு அஞ்சி அவளோடு படுக்கவில்லை என்று முதல் பகுதி தனியாக எடுத்துச் சொல்கிறது. எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது என்றால் எது வழக்கமாக இருந்தது என்று ஊகிக்கலாம். அடிமைப் பெண்ணின் உடல் எசமானனுடையது. அதை அந்நியர் தொட்டால் அவமானம் எசமானனுக்கு. அந்தக் கணக்கில் டெலிமாக்கஸ் செய்ததைக் கேட்ட பலர் சரி என்றே தலையாட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம். அவர்களில் எவருமே புறாக்களை நினைத்துக் கலங்கியிருக்க மாட்டார்கள் என்று சொல்ல மட்டும் எனக்குத் துணிவில்லை. உவமையைக் கட்டியவர் அந்தக் காலத்து மனிதர்தானே.

அந்தக் காலத்தவர் அனைவரும் ஒரே மாதிரிக் கேட்டார்கள், நாம் மட்டும் வேறு மாதிரிக் கேட்கிறோம் என்ற எண்ணத்தை ஒடிசியே உடைக்கிறது. முதல் பகுதியில் ஃபெமியஸ் என்ற பாடகன், டிராய்ப் போர் முடிந்து கிரேக்கர் வீடு திரும்பிய துன்பக் கதையைப் பாடுகிறான். கூடத்தில் விருந்தாளிகள் அமைதியாக ரசித்துக் கேட்கிறார்கள். மாடியிலிருந்து பெனலப்பி அழுதுகொண்டே இறங்கிவந்து, வேறு எதையாவது பாடு, இந்தப் பாட்டு என் நெஞ்சை அரிக்கிறது என்கிறாள். பாடகனைக் குறை சொல்லாதே, புதிய பாட்டைத்தானே எல்லாரும் விரும்புவார்கள் என்று மகன் அவளை அடக்கி அனுப்புகிறான். உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது இந்தக் காட்சிதான். ஒரே பாட்டு, ஒரே கூடம். கணவன் திரும்பாதவளுக்கு அது வேறு பாட்டு.

எட்டாம் பகுதி இன்னும் ஆழமாகப் போகிறது. ஃபயாக்கியர் நாட்டு அரண்மனையில், தான் யார் என்று சொல்லாமல் ஒடிசியஸ் விருந்துண்கிறான். கண்ணிழந்த பாடகன் டெமோடோகஸிடம், டிராயைப் பிடித்த மரக்குதிரையின் கதையைப் பாடு என்று அவனே கேட்கிறான். அது அவனுடைய வெற்றி, அவனுடைய தந்திரம், பாராட்டைக் கேட்டு மகிழ வேண்டியவன். பாட்டு தொடங்கியதும் உருகி அழுகிறான். எப்படி அழுதான் என்பதற்குக் கவிதை சொல்லும் உவமையைக் கவனியுங்கள்: தன் நகரத்தைக் காக்கப் போரிட்டு விழுந்த கணவனின் மேல் விழுந்து ஒரு பெண் அழுகிறாள்; அவன் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறான்; பின்னாலிருந்து பகைவர்கள் ஈட்டியால் அவள் முதுகிலும் தோளிலும் குத்தி அடிமையாக இழுத்துப்போகிறார்கள். வென்றவன், தான் அழித்த நகரத்தின் விதவையைப்போல் அழுகிறான். அவன் அந்தக் கணத்தில் அவளை நினைத்தானா என்று கவிதை சொல்லவில்லை. நம்மை நினைக்க வைக்கிறது. அப்படி இழுத்துப்போகப்பட்ட பெண் எங்கே போய்ச் சேர்வாள்? ஒரு பெரிய வீட்டில் தண்ணீர் சுமக்கவும், நெய்யவும், மாவரைக்கவும். ஐம்பது பேரில் ஒருத்தியாக. எட்டாம் பகுதியில் அந்த விதவைக்காக நெகிழ்ந்த வாசகர் 22ஆம் பகுதியில் கலங்காமல் போனால் அதுதான் எனக்கு வியப்பு.

பிற்காலத்தவரும் ஒடிசியஸைப் பற்றி ஒத்துப்போனதே இல்லை. கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளிஸின் ஒரு நாடகத்தில், இறந்த பகைவன் அஜாக்ஸுக்கு அடக்கம் மறுக்கக்கூடாது என்று வாதாடும் பெருந்தன்மையானவன் ஒடிசியஸ், கி.மு. 409இல் அரங்கேறிய அவருடைய ஃபிலக்டீட்டிஸ் நாடகத்தில் அவனே இளைஞனுக்குப் பொய் சொல்லிக்கொடுக்கும் சூழ்ச்சிக்காரன். ஒரே ஆசிரியரின் கையில் இரண்டு மனிதர்கள். தத்துவஞானி பிளேட்டோ, தன் குடியரசு நூலின் கடைசியில், மறுபிறவிக்கு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கும் ஆன்மாக்களில் ஒடிசியஸைக் கடைசியாக வரவைக்கிறார்; பட்டது போதும் என்று தேடித் தேடி, யாரும் சீண்டாமல் மூலையில் கிடந்த ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையை அவன் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறான். என்னைக் கேட்டால், ஹோமரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிட அன்பான வாசிப்பு குறைவு. நம் காலத்தில் மார்கரெட் அட்வுட் 2005இல் எழுதிய பெனலப்பியாட் என்ற நாவல், நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்று அந்தப் பன்னிரண்டு பேருக்குக் குரல் கொடுக்கிறது. டேனியல் மெண்டல்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2011இல் ஒடிசி வகுப்பு நடத்தியபோது, 81 வயதான தந்தை வந்து மாணவர்களோடு உட்கார்ந்தார். இவன் என்ன வீரன், அழுகிறான், மனைவிக்கு உண்மையாக இல்லை, கூட்டிப்போன ஆட்களை எல்லாம் இழந்துவிட்டான், தெய்வங்கள்தான் காப்பாற்றுகின்றன என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தாராம். மகன் பின்னர் அதை நூலாக எழுதினார். முதியவர் சொன்ன எதுவும் பனுவலில் இல்லாதது இல்லை.

சொந்த வாழ்க்கை பனுவலைத் திறந்துவிடுவதை நானே கண்டிருக்கிறேன். என் மாணவன் ஒருவனின் தந்தை அவன் கைக்குழந்தையாக இருந்தபோது குவைத்துக்கு வேலைக்குப் போனவர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார். ‘நான் அவருடைய மகன் என்று அம்மா சொல்கிறாள், எனக்குத் தெரியாது, தன் தந்தை யார் என்று தானாக அறிந்தவன் யார்’ என்று டெலிமாக்கஸ் சொல்லும் அடிகளை வகுப்பில் படித்தபோது அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். 16ஆம் பகுதியில், தந்தை எதிரே நின்று நான்தான் என்று சொல்லியும், நீர் என் தந்தை இல்லை, ஏதோ தெய்வம் என்னை ஏமாற்றுகிறது என்று மகன் விலகுவான். நான் அதை வேடம் மாறியதால் வந்த குழப்பம் என்று விளக்கினேன். அவன் எழுதிய கட்டுரையில் வேறு ஒன்று இருந்தது: விமான நிலையத்தில் அப்பாவைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் முதல் சில நிமிடங்கள் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாது, டெலிமாக்கஸுக்கு அந்த நிமிடங்கள் தேவைப்படுகின்றன. அதற்குப் பிறகு அந்தக் காட்சியை நான் வேறு விதமாக நடத்தியதில்லை.

அதே சொந்த மனம் ஏமாற்றவும் செய்யும். கலிப்ஸோ என்ற தேவமகளின் தீவில் கடற்கரையில் உட்கார்ந்து ஒடிசியஸ் வீட்டை நினைத்து அழும் காட்சியை இளம் வயதில் நான் கணவனின் மாறாத காதலாகவே படித்தேன். புதிதாக மணமாகி வேலைக்காக வெளியூரில் தனியாக இருந்த காலம் அது. கிரேக்கத்தில் படித்தபோது, அந்த அடியில் ஒரு சிறு சொல் நின்றது: அந்தத் தேவமகளை அவனுக்கு ‘இனிமேலும்’ பிடிக்கவில்லை என்பதால் அழுதான். இனிமேலும் என்றால், முன்பு பிடித்திருந்தது. ஏழு ஆண்டுகள் அவளோடு இருந்தவன். நான் என் தனிமையை அவனுக்குக் கொடுத்து, அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருந்தேன். மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல் இருந்தது என்பது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே என்னால் சொல்ல முடிந்த வழி இதுதான். உணர்ச்சி வந்தால் அதை அடக்கவேண்டாம், அதை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்கே திரும்புங்கள். எந்தச் சொல் எனக்கு இதைச் செய்தது என்று விரல் வைத்துத் தேடுங்கள். சொல் கிடைத்தால் அது வாசிப்பு. கிடைக்காவிட்டால், உங்களைப் பற்றி ஏதோ தெரிந்துகொண்டீர்கள், கவிதையைப் பற்றி இன்னும் தெரியவில்லை. உங்கள் கோபத்துக்குச் சொல் கிடைக்கிறது: இரங்கத்தக்க, பலவந்தமாக, கூடு திரும்பும் பறவைகள். அந்தக் கோபத்தோடு ஆர்கோஸுக்காகவும் அழலாம். உண்ணிகள் அரிக்க எருக்குவியலில் கிடந்த நாய், இருபதாம் ஆண்டில் எசமானனைக் கண்டு வாலாட்டிச் செத்ததையும், அவன் யாருக்கும் தெரியாமல் கண்ணீரைத் துடைத்ததையும் எழுதியவர்தான் இதையும் எழுதியிருக்கிறார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க யாரும் உங்களைக் கேட்கவில்லை.

மறுபடி எடுக்க மனம் வந்தால் நின்ற பக்கத்திலிருந்து தொடங்கவேண்டாம். 20ஆம் பகுதிக்குப் போங்கள். விடியும் வேளையில் மாவரைக்கும் இடத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு வேலை. பதினொரு பேர் தங்கள் பங்கை அரைத்து முடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். எல்லாரிலும் மெலிந்த ஒருத்தி மட்டும் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். மேகமில்லாத வானத்தில் இடி கேட்டதும் திரிகையை நிறுத்திவிட்டு, என் முட்டியை உடைத்த இவர்கள் தின்னும் கடைசிச் சாப்பாடு இன்றையதாக இருக்கட்டும் என்று தெய்வங்களின் தலைவன் சீயஸை வேண்டுகிறாள். தூக்கில் தொங்கிய பன்னிரண்டு பேர் வேறு, இவர்கள் வேறு. எண் மட்டும் ஒன்று. இவளுக்கும் பெயர் இல்லை. அங்கிருந்து படித்துக்கொண்டு 23ஆம் பகுதிக்குள் போங்கள். கொலை நடந்த நேரம் முழுவதும் பெனலப்பி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். யூரிக்ளியா போய் எழுப்பி, அந்த ஆண்கள் செத்த செய்தியைச் சொல்கிறாள். தூக்கிலிடப்பட்ட பெண்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. விளையாட்டுப் பொருள் கொடுத்து வளர்த்த மெலாந்தோ எங்கே என்று பெனலப்பியும் கேட்பதில்லை. அந்த இடத்தை நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று பிறகு எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆவல்.